நான்கு ஓட்டைகளின் விலை

அலமாரி நிறையத் துணி இருக்கிறது. உடுத்த ஒன்றுமில்லை என்ற புலம்பலும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே எங்கோ தொலைந்துபோனவை ஊசியும் நூலும்.

தில்லியில் அக்டோபர் கடைசி வாரம் டிரங்குப் பெட்டிகள் திறக்கிற காலம். கட்டிலுக்கு அடியில் எட்டு மாதம் அஞ்ஞாதவாசம் இருந்த கம்பளித் துணிகள் வெயில் காண மொட்டை மாடிக்கு வரும். தெரு முழுக்க அந்துருண்டை வாசனை. போன வருடம் அப்படிப் பெட்டியைத் திறந்தபோது என் அப்பாவின் சால்வையில் நான்கு ஓட்டைகள்.

அப்பா ரயில்வேயில் இருந்தவர். 1969-ல் பாஸ் எடுத்துக்கொண்டு பதான்கோட் வரை ரயிலிலும், அதற்குமேல் பஸ்ஸிலுமாக ஸ்ரீநகர் போய் வந்தார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே ஆடம்பரச் செலவு அந்தப் பஷ்மினா சால்வை. திருச்சியின் மார்கழிக்கு அது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனாலும் விடியற்காலையில் காவிரிக்குப் போகும்போது போர்த்திக்கொண்டு போவார். தெருவில் நான்கு பேர் பார்க்க வேண்டுமே! அவருக்குப் பிறகு சால்வை என்னோடு தில்லிக்கு வந்தது. இங்கே அதற்கு நிஜமாகவே வேலை இருந்தது.

ஓட்டைக்குக் காரணம் பூச்சி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பிப்ரவரியில் ஒரு கல்யாணத்துக்குப் போர்த்திக்கொண்டு போனேன். சாப்பாட்டுக் கறையும் வியர்வையுமாக அதை அப்படியே மடித்து வைத்தவள் நான். துணியை அரிப்பது பறக்கிற அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. கம்பளியில் இருக்கிற கெரட்டின் என்ற புரதம்தான் அதற்கு ஆகாரம். வியர்வையும் உணவுக் கறையும் ஒட்டிய இடம் என்றால் அதற்கு விருந்து. நான் விருந்து வைத்தேன், அது சாப்பிட்டது.

கல்லூரியில் படிக்கும் என் மகள் சால்வையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். “அம்மா, இதே கலர்ல சால்வை 799 ரூபாய்க்கு இருக்கு. இப்ப சொன்னா நாளைக்குக் காலையில வந்துடும்” என்று போனைக் காட்டினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்குத் தெரிந்த உலகத்தில் துணி கிழிந்தால் செய்கிற காரியம் அது ஒன்றுதான்.

மறுநாள் ஒரு பழைய மார்க்கெட்டில், டிரைகிளீனிங் கடை ஒன்றின் படிக்கட்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும் ரஃபூகரைத் தேடிப் போனேன். ரஃபூகர் என்றால் கிழிசலை இழையோட்டி மூடுகிறவர். ஒட்டுப் போடுவது வேறு, இது வேறு. ஓட்டையின் குறுக்கும் நெடுக்குமாக ஊசியாலேயே பாவும் ஊடையும் ஓட்டி, அந்த இடத்தில் புதிதாகத் துணியை நெய்துவிடுவார்கள். நூலைக் கூடுமானவரை அதே துணியின் ஓரத்திலிருந்தோ உள்மடிப்பிலிருந்தோ உருவி எடுப்பார்கள்.

பெரியவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். உத்தரப் பிரதேசத்தில் பிஜ்னோர் மாவட்டத்தின் நஜீபாபாத் தன் ஊர் என்றார். எனக்கு ஆச்சரியமில்லை. தலைமுறை தலைமுறையாகக் காஷ்மீர் சால்வைகளைச் செப்பனிடும் ரஃபூகர்களுக்குப் பெயர் போன ஊர் அது. 2018-ல் காலமான நெசவுக் கலைஞர் பிரியா ரவீஷ் மெஹ்ரா அவர்களைப் பற்றித்தான் பல வருடங்கள் ஆராய்ந்தார். மியூசியங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் நாம் வியந்து பார்க்கிற பழைய சால்வைகள் பல இப்படிப்பட்டவர்களின் கைபட்டுப் பிழைத்து வந்தவை.

“ஓட்டைக்கு நானூறு ரூபாய், பஹன்ஜி. மொத்தம் ஆயிரத்து அறுநூறு. நாலு நாள் கழித்து வாங்க.”

நான் தயங்கினேன். 799-க்குப் புதுச் சால்வை கிடைக்கும்போது நான்கு ஓட்டைகளுக்கு 1,600 ரூபாயா? என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. “எல்லாரும் இதே கணக்குதான் போடறாங்க. அவங்களையும் தப்பு சொல்ல முடியாது” என்றார்.

“உங்கள் பிள்ளைக்கு இந்த வேலை தெரியுமா, சாச்சா?”

“ஊசி பிடிக்கத் தெரியும். ஆனால் இப்போ மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறான். உங்கள் வீட்டுக்கும் துணி கொண்டு வந்திருப்பான்.”

கோபமோ சோகமோ இல்லாமல்தான் சொன்னார். சால்வையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. அப்பனின் பிழைப்பு எதனால் போயிற்றோ, அதை வீடு வீடாகச் சுமந்துபோய்க் கொடுத்துப் பிழைக்கிறான் பிள்ளை.

இது தில்லியின் ஒரு படிக்கட்டில் மட்டும் நடக்கிற கதையல்ல. எல்லன் மெக்ஆர்தர் ஃபவுண்டேஷன் 2017-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளில் உலகின் ஆடை உற்பத்தி ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது. அதே காலத்தில், ஒரு ஆடையைத் தூக்கிப் போடுவதற்கு முன் எத்தனை முறை உடுத்துகிறோம் என்ற கணக்கு 36 சதவீதம் இறங்கிவிட்டது. ஆடைக்குப் போகிற மூலப்பொருளில் திரும்பவும் புது ஆடையாக மாறுவது 1 சதவீதத்துக்கும் குறைவு. ‘ரீசைக்கிள்’ என்று சீட்டுத் தொங்கும் சட்டையை வாங்கிப் புண்ணியம் தேடிக்கொள்கிறவர்கள் இந்த ஒரு சதவீதத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மறுபயன்பாடு என்ற பாடத்தை யாரும் வந்து நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத் தையல் போட்டால் அது காந்தா. பிகாரில் முசாபர்பூர்ப் பக்கம் அதற்கு சுஜனி என்று பெயர். மராட்டியத்தில் கோதடி. வட கர்நாடகத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் மெத்தை விரிப்புக்குக் கவந்தி என்று பெயர். எல்லாம் ஒரே தத்துவம்: துணி சாவதில்லை, உருமாறுகிறது.

நம் ஊரில் மட்டும் என்ன? வேட்டி நைந்தால் துண்டு. துண்டு நைந்தால் குழந்தைக்குத் தூளித் துணி, இடுப்புத் துணி. பிறகு அடுப்படியில் கைப்பிடித் துணி, கடைசியில் விளக்குத் திரி. பள்ளிக்கூடப் பாவாடையில் அம்மா மூன்று டக்குப் பிடித்து வைப்பாள். வருடத்துக்கு ஒரு டக்கைப் பிரிப்பாள். பாவாடையும் நம்மோடு சேர்ந்து வளரும். அப்பாவின் சட்டைக் காலர் நைந்தால் தையல்காரர் அதைப் பிரித்துத் திருப்பித் தைத்துக் கொடுப்பார். இன்று தையல் கடையில் காலரைத் திருப்பச் சொன்னால் நம்மைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்.

பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தருகிறவர்கள் இங்கேயும் உண்டு. தில்லியில் இந்த வியாபாரத்தில் பெரும்பாலும் இருப்பவர்கள் குஜராத்திலிருந்து வந்த வாக்ரி சமூகத்துப் பெண்கள். வீடு வீடாகத் துணி சேர்த்து, விடிவதற்கு முன்பே ரகுபீர் நகர் சந்தையில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அங்கிருந்து சில துணிகள் துவைத்து இஸ்திரி போட்டு மறுவிற்பனைக்குப் போகும். சில ஒர்க்‌ஷாப்களுக்குத் துடைக்கும் துணியாகும். ஒரு சின்னச் சம்படத்துக்காக நான் பேரம் பேசிய பட்டுப் புடவையின் முந்தானை பிறகு யாருடைய குஷன் உறையாயிற்றோ!

தில்லியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டரில் இருக்கும் பானிப்பட்டை நாம் மூன்று யுத்தங்களுக்காக மட்டும் படித்திருக்கிறோம். உலகத்தின் பழைய கம்பளி ஆடைகள் வந்து சேரும் ஊர் அது. இறக்குமதியாகும் துணிகள் அப்படியே மறுவிற்பனைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகக் கிழித்து அனுப்பப்படுகின்றன. பெண்கள் உட்கார்ந்து பட்டன், ஜிப் எல்லாவற்றையும் வெட்டி எடுத்து, நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். சிவப்பெல்லாம் ஒரு குவியல், நீலமெல்லாம் ஒரு குவியல். பிறகு இயந்திரத்தில் பிய்த்து மறுபடி நூலாக நூற்பார்கள். நிறம் ஏற்கெனவே இருப்பதால் சாயமே வேண்டாம். ‘ஷாடி’ என்கிற இந்தக் கம்பளி நூலிலிருந்து வெள்ளம், பூகம்பம் என்றால் அனுப்பப்படும் மலிவு விலைப் போர்வைகள் வந்தன.

அந்தத் தொழிலையும் பாலியெஸ்டர் விடவில்லை. எடை குறைந்த, மெத்தென்ற, பளிச்சென்ற பாலியெஸ்டர் போர்வை சந்தைக்கு வந்ததும் ஷாடிப் போர்வையைக் கேட்பார் குறைந்தது. பலர் அதை விட்டுவிட்டு வேறு நூலுக்கும் வேறு சரக்குக்கும் மாறினார்கள். வந்து சேரும் பழைய துணியிலும் கலப்பு இழைதான் அதிகம். பருத்தியும் பாலியெஸ்டரும் எலாஸ்டேனும் கலந்த துணியைப் பிரித்தெடுப்பது அரிசியையும் பருப்பையும் பொங்கலான பிறகு பிரிப்பது போல.

சரி, நம் அலமாரிக்கு வருவோம். சால்வை திரும்பி வருவதற்குள் நானும் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டி எண்ணினோம். என்னுடையவை மட்டும் 118. அவளுடையவை 96. ‘அம்மாவைவிடக் குறைவு’ என்று அவள் சிரித்ததை வாசகர்களிடம் மறைக்க விரும்பவில்லை. முந்தைய ஒரு வருடத்தில் ஒருமுறையாவது உடுத்தியவற்றைப் பிரித்தபோது, என் கணக்கில் 41 தேறின. மீதி 77 உருப்படிகளுக்கு நான் வெறும் காவல்காரி.

இதற்கு ஒரு சுலபமான பரீட்சை உண்டு. ஹேங்கர்களை எல்லாம் கொக்கி நம் பக்கம் பார்க்கும்படி மாட்டுங்கள். உடுத்தித் துவைத்துத் திரும்ப வைக்கும்போது மட்டும் கொக்கியை மறுபக்கம் திருப்புங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எது நம் உடை, எது அலமாரியின் உடை என்று தெரிந்துவிடும். மடித்து வைப்பவற்றுக்கு, உடுத்தியதை அடுக்கின் மேலே வைத்தால் போதும். தொடாதவை தானே அடியில் தங்கும்.

எங்கள் பரீட்சையில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. தொடாமலே கிடந்தவற்றில் பல, தள்ளுபடியில் ‘இந்த விலைக்கு விடலாமா’ என்று வாங்கியவை. விலை குறைவு என்பது ஒரு காரணமே அல்ல. விலையை உடுத்தும் தடவைகளால் வகுத்துப் பாருங்கள். 600 ரூபாய்ச் சட்டை பதினைந்து தடவையில் சாயம் போய்த் தொங்கிவிட்டால் ஒரு தடவைக்கு 40 ரூபாய். 1,800 ரூபாய்ச் சட்டை நூற்றைம்பது தடவை உழைத்தால் ஒரு தடவைக்கு 12 ரூபாய். அந்தக் கணக்கில் என் அப்பாவின் சால்வை வீட்டிலேயே மிக மலிவான துணி.

அதற்காக விலை உயர்ந்ததெல்லாம் உழைக்கும் என்று அர்த்தமில்லை. விலைச் சீட்டை விட்டுவிட்டு உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தையல் நெருக்கமாக இருக்கிறதா? மூட்டின் இரு பக்கமும் லேசாக இழுத்தால் நூலுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறதா? உள்மடிப்பில் பிரித்துவிட ஒரு அங்குலமாவது துணி விட்டிருக்கிறார்களா, அல்லது வெட்டிய விளிம்போடு ஓரம் அடித்து நிறுத்திவிட்டார்களா? உடம்பு வருடத்துக்கு வருடம் ஒரே மாதிரி இருப்பதில்லை. பிரிக்க இடம் இல்லாத ரவிக்கை நம்மோடு இரண்டு தீபாவளிகூட வராது. துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வலை போலத் தெரிந்தால், கடையில் போட்ட கஞ்சிதான் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. முதல் துவைப்பிலேயே உண்மை வெளிவந்துவிடும். கடைசியாக ஒரு கேள்வி: வீட்டில் இருக்கிற எந்த மூன்று உருப்படிகளோடு இதைப் போட்டுக்கொள்ள முடியும்? மூன்று தேறாவிட்டால் கடைக்காரரிடமே இருக்கட்டும்.

வாங்கிய பிறகு துணியைக் கொல்வது பெரும்பாலும் நாம் உடுத்துவது அல்ல, துவைப்பதுதான். நானும் கொலைகாரிதான் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். ஒரு மணி நேரம் கட்டிக்கொண்ட பட்டுப் புடவைக்குக் காற்றாட விரித்தால் போதும். ஜீன்ஸைத் தினமும் துவைக்க அவசியமில்லை. துவைக்கும்போது உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, ஜிப்பை மூடி, குளிர்ந்த நீரில் போடுங்கள். சோப்புத்தூளை அள்ளிப் போட்டால் வெளுப்பு கூடாது, அலசும் தண்ணீர்தான் கூடும். பட்டுக்கும் கம்பளிக்கும் காரமான சோப்பு ஆகாது. பாட்டி வைத்திருந்த பூந்திக்கொட்டைதான் இன்றைக்கும் சரியான மருந்து. குளோரின் ப்ளீச் பட்டையும் கம்பளியையும் அரித்தே விடும். பருத்தியையும் மெல்ல மெல்ல இற்றுப்போகச் செய்யும். வெந்நீர் பட்டால் ஸ்வெட்டர் பொம்மைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கிவிடும்.

உலர்த்துவதிலும் விஷயம் இருக்கிறது. வண்ணத் துணிக்கும் பட்டுக்கும் நிழல் வேண்டும். வெள்ளைப் பருத்திக்கு வெயில் நல்லது. ஈர ஸ்வெட்டரைக் கொடியில் தொங்கவிட்டால் அதன் எடையே அதை முழங்கால் வரை இழுத்துவிடும். கட்டிலிலோ பாயிலோ படுக்கப் போட்டு உலர்த்துங்கள். பின்னலாடை எதையும் ஹேங்கரில் மாட்டாதீர்கள், மடித்து வையுங்கள். இழுபடும் எலாஸ்டேன் கலந்த ஆடைக்கு அதிகச் சூடு எமன்.

பெட்டியில் வைப்பதற்கு முன் துவைத்து, நன்றாக உலர்த்தி, சூடு ஆறிய பிறகு மடியுங்கள். கஞ்சி போட்ட புடவையை நீண்ட நாள் வைத்தால் ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் நாமே இலை போட்ட மாதிரி. கஞ்சியைப் போக்கிவிட்டு வையுங்கள். பட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட வேண்டாம், ஈரம் தங்கிவிடும். வெளுத்த பழைய மல் துணியில் சுற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்றாவிட்டால் ஜரிகை அந்த மடிப்பிலேயே ஒடியும். காய்ந்த வேப்பிலை, வசம்பு, கிராம்பு இவற்றைத் துணி முடிச்சில் கட்டி மூலைகளில் வைக்கலாம். அந்துருண்டை போடுவதானால் துணியில் படாமல் காகிதத்தில் சுற்றி, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். கைக்குழந்தையின் துணி இருக்கும் பெட்டியில் அது வேண்டவே வேண்டாம்.

பட்டன் ஆடும்போதே தைத்துவிட்டால் ஐந்து நிமிஷ வேலை. விழுந்து தொலைந்த பிறகென்றால் ஒரு சட்டையே போகும். அக்குள் தையல் ஒரு அங்குலம் பிரிந்திருக்கும்போது ஊசியை எடுங்கள். இதெல்லாம் பெரிய தியாகமல்ல. பிரிட்டனில் ‘ராப்’ என்கிற அமைப்பு 2012-ல் ஒரு கணக்குச் சொன்னது: ஒரு ஆடையைக் கூடுதலாக ஒன்பது மாதம் பயன்படுத்தினால் அதனால் ஏற்படும் கரி வெளியேற்றம், தண்ணீர்ச் செலவு, குப்பை ஆகியவை 20 முதல் 30 சதவீதம் வரை குறையும். ஒன்பது மாதம் என்பது அடுத்த தீபாவளி வரைகூட இல்லை.

“எல்லாரும் துணி வாங்குவதைக் குறைத்துவிட்டால் திருப்பூரில் பனியன் தைத்துப் பிழைப்பவர்கள் கதி?” என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அந்த ஊர் சோறு போடுகிறது. ஆனால் மலிவு விலையின் மீதிப் பணத்தையும் அந்த ஊர்தான் கட்டியது. விவசாயத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, நொய்யலில் வந்த சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டி வந்தது. ராஜஸ்தானில் பாலி நகரின் பாண்டி நதிக்கும் இதே கதிதான். டாக்கா அருகே 2013 ஏப்ரல் 24-ல் ரானா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தது. ஆனாலும் ஆர்டர் முடிய வேண்டுமே என்று உள்ளே அனுப்பப்பட்ட தையல் தொழிலாளர்கள் அவர்கள். குறைவாக, நல்லதாக, நியாயமான விலைக்கு வாங்குவது தொழிலாளிக்கு விரோதமல்ல. செப்பனிடுவதும் ஒரு தொழில்தான், அதிலும் கைகள் இருக்கின்றன.

அப்படியானால் மீந்த 77 உருப்படிகள்? எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் கூச் பிஹார்ப் பெண்மணியிடம், ‘உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்’ என்று தாராளமாகச் சொன்னேன். அவள் குவியலைப் புரட்டிப் பார்த்துப் பன்னிரண்டே எடுத்தாள். எல்லாம் பருத்தி. “பாக்கி எதுக்கும் உதவாது, தீதி. வியர்வை இழுக்காது, கிழிச்சா துடைக்கக்கூட ஆகாது.” எனக்குச் சுருக்கென்றது. ‘ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம்’ என்ற நம்பிக்கையில்தானே இஷ்டத்துக்கு வாங்கித் தள்ளுகிறோம்! அவர்களுக்கும் வேண்டாத துணியைத்தான் நாம் தானம் என்கிறோம்.

1999-ல் தன் வீட்டு அலமாரியிலிருந்த 67 துணிகளோடு தில்லியில் ‘கூஞ்ச்’ அமைப்பைத் தொடங்கிய அன்ஷு குப்தா இதைத்தான் வேறு விதமாகச் செய்து காட்டினார். அங்கே துணி இலவசம் அல்ல. கிராமத்தார் கிணறு வெட்டுவது, பாதை போடுவது என்று தங்கள் ஊருக்குத் தேவையான வேலையைச் செய்து அதற்கு ஈடாகப் பெறுகிறார்கள். உடுத்த உதவாத பருத்தித் துணி மாதவிடாய்க்கான சுத்தமான துணியாக மாறுகிறது. 2015-ல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. கொடுப்பதென்றால் துவைத்து, பட்டன் தைத்து, நாமே உடுத்தக்கூடிய நிலையில் கொடுக்க வேண்டும் என்பது அதிலிருந்து நான் கற்ற பாடம்.

போன மாதம் அந்தப் பெண்மணி ஒரு சின்ன விரிப்பைக் கொண்டு வந்து காட்டினாள். ஊரில் பிறந்திருக்கும் பேரனுக்காக அவள் தைத்த காந்தா. மேல் துணியாக இருந்தது பன்னிரண்டில் ஒன்றான என் பழைய நீலப் புடவை. வயதானாலும் சாயம் போகாத மெல்லிய பருத்தி. ‘பழசுதான் குழந்தைக்கு மெத்துனு இருக்கும், தீதி. புதுசு குத்தும்’ என்றாள். நிலைத்து நீடிக்கும் வாழ்க்கை முறை என்றெல்லாம் கருத்தரங்கில் பேசுகிறோமே, அந்த வார்த்தை எதுவும் அவளுக்குத் தெரியாது. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

சால்வை சொன்ன நாளில் தயாராகிவிட்டது. பெரியவர் அதை மகளிடம் விரித்துக் கொடுத்து, ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கச் சொன்னார். அவள் வெளிச்சத்தில் பிடித்தாள், விரலால் தடவினாள். இரண்டைக் கண்டுபிடித்தாள். மூன்றாவதற்குப் பத்து நிமிஷம் பிடித்தது. நான்காவது தெரியவே இல்லை. பெரியவர் அந்த இடத்தைக் காட்டவும் மறுத்துவிட்டார்.

1,600 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். பேரம் பேசவில்லை. வரும் வழியில் அவள் கேட்டாள்: “அவர் ஒரு நாளைக்கு எவ்வளவு சம்பாதிப்பார்மா?” இரண்டு ஓட்டைக்கு ஒரு முழு நாள் ஆகும் என்று அவர் சொல்லியிருந்தார். சால்வை வராத நாட்களும் உண்டு. கணக்கை அவளே போட்டுக்கொண்டாள். அதன் பிறகு வீடு வரும்வரை அவள் போனை எடுக்கவில்லை.

இந்த வருடம் நான் எனக்கு வாங்கிய புதுத் துணி ஐந்து. ஐந்தோடு நிறுத்துவது என்று சபதம் போட்டிருந்தேன். ஆறாவது, ஒரு கைத்தறிக் கண்காட்சியில் என்னை ஜெயித்துவிட்டது. சபதம் சறுக்கினாலும் எண்ணிக்கையாவது நினைவில் இருக்கிறது. முன்பு அதுகூட இல்லை.

பிப்ரவரியில் சால்வையைப் பூந்திக்கொட்டை நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மல் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தது நானல்ல, மகள். மூடியை மூடுவதற்கு முன் மறுபடி ஒருமுறை அந்த நான்காவது ஓட்டையைத் தேடிப் பார்த்தாள்.